அறையில் இல்லாத மூன்றாமவர்

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வியன்னாவில் ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன் தெருவில் இறங்க மறுத்தான். குதிரை கடித்துவிடும் என்று பயம். வண்டி இழுத்துக்கொண்டு போகிற குதிரை விழுந்துவிடுமோ என்று அதன் மேல் இன்னொரு பயம். அந்தக் காலத்து வியன்னாவில் குதிரை போகாத தெருவே கிடையாது. பையன் வீட்டுக்குள் முடங்கினான். அவன் அப்பா மாக்ஸ் கிராஃப் இசை விமர்சகர். சிக்மண்ட் ஃப்ராய்ட் வீட்டில் 1902 முதல் புதன்கிழமைகளில் கூடிவந்த சிறு குழுவில் ஒருவர். அம்மா, முன்பு ஃப்ராய்டிடமே சிகிச்சை பெற்றவர். மகன் பேசியதையெல்லாம் அப்பா எழுதி ஃப்ராய்டிடம் கொண்டுபோனார். அடுத்து என்ன கேட்கலாம், எதை எடுத்துச் சொல்லலாம் என்று ஃப்ராய்ட் யோசனை சொன்னார். இந்தச் சிகிச்சைக்காகப் பையனை ஃப்ராய்ட் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், மார்ச் 30 அன்று. சில மாதங்களில் பயம் விலகியது. 1909இல் ‘குட்டி ஹான்ஸ்’ என்ற புனைபெயரோடு இந்தக் கதை அச்சேறியது.

குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வின் தொடக்கம் என்று இதைக் கொண்டாடுவது வழக்கம். எனக்கு இது வேறொன்றின் தொடக்கமாகவே படுகிறது. சிகிச்சை பெறுகிறவர் ஒருவர், சிகிச்சை செய்கிறவர் ஒருவர், அந்த அறைக்கே வராமல் இரண்டாமவர் வாயால் எல்லாவற்றையும் கேட்கிற மூன்றாமவர் ஒருவர். இன்று மேற்பார்வை, சூப்பர்விஷன் என்று சொல்கிற ஏற்பாடு முழுசாக இங்கே இருக்கிறது. அதன் கோளாறுகளும் முழுசாக இருக்கின்றன.

பையனின் குதிரைப் பயத்துக்குப் பின்னால் அப்பாவைப் பற்றிய பயம் இருக்கிறது என்பது ஃப்ராய்டின் விளக்கம். ஆனால் பையனிடம் கேள்வி கேட்பவரே அந்த அப்பாதான். குறிப்பெடுப்பவரும் அவர்தான். அப்பாவைப் பற்றி மகன் சொல்லத் தயங்கியதும், சொல்லியும் அப்பாவின் காதில் விழாமல் போனதும் அந்தக் குறிப்பில் எப்படி ஏறும்? மேற்பார்வையாளரும் வெளியாள் இல்லை. அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்தவர், அப்பாவுக்கு நண்பர். அந்தப் பெற்றோர் பிற்பாடு மணவிலக்குப் பெற்றார்கள். அச்சேறிய வரலாற்றில் அவர்கள் இருவருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு இடம் மிகக் குறைவு. பையனுக்கு மட்டும் பெரிய கேடு வந்துவிடவில்லை. ஹெர்பர்ட் கிராஃப் என்ற தன் சொந்தப் பெயரில் வளர்ந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இயக்குநராகப் பேர் வாங்கினார். 1922இல், பத்தொன்பது வயதில், ஃப்ராய்டைப் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது வேடிக்கையானது: தன்னைப் பற்றி எழுதியதைப் படித்தாராம், அதில் ஏறக்குறைய ஒன்றுமே தன் நினைவில் இல்லையாம்.

அப்படியானால், பார்க்காத ஒருவரைப் பற்றிக் கேட்டறிந்து யோசனை சொல்வது சாத்தியமான காரியம்தானா? உளப்பகுப்பாய்வு இதற்குக் கண்டுபிடித்த விடை விசித்திரமானது. அதைப் புரிந்துகொள்ள ஓர் அடி பின்னால் போக வேண்டும்.

மனச்சிக்கலோடு வருகிறவர் தன் கதையைச் சொல்வதோடு நிற்பதில்லை, அதை நடத்தியும் காட்டுகிறார். அடிக்கிற அப்பாவிடம் வளர்ந்தவர், நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்ட சிகிச்சையாளரைக் கண்டு சுருங்குகிறார். எல்லாரையும் திருப்திப்படுத்தியே பிழைத்தவர், சிகிச்சையாளரையும் திருப்திப்படுத்த முனைகிறார். பழைய உறவின் உணர்ச்சி புது ஆளின் மேல் வந்து இறங்கும் இந்த இடமாற்றத்தை ஃப்ராய்ட் அடிபட்டுத்தான் கற்றார். ‘டோரா’ என்று அவர் பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண் 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையைப் பாதியில் அறுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் மனத்தில் தான் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பதைச் சரியான நேரத்தில் கவனிக்கவில்லை என்று 1905இல் வெளியிட்ட கட்டுரையில் ஃப்ராய்டே எழுதினார்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சிகிச்சையாளரும் மனிதர்தானே, ஒருவர் வந்தால் சலிப்பு, இன்னொருவர் வந்தால் காரணமில்லாத பரிவு, மூன்றாமவர் வந்தால் தூக்கம் என்று அவருக்குள்ளும் ஏதாவது எழும். 1910இல் ஃப்ராய்ட் இதற்கு எதிர் இடமாற்றம் என்று பெயர் வைத்தபோது அதை ஒரு தடையாகவே கண்டார். சிகிச்சையாளர் உணர்ந்து வெல்ல வேண்டிய குறை அது. நாற்பது ஆண்டு கழித்து, 1950இல், லண்டனில் பாவ்லா ஹைமான் ஒரு சிறு கட்டுரையில் இதைத் தலைகீழாக்கினார். சிகிச்சையாளருக்குள் எழும் உணர்ச்சி வெறும் இடைஞ்சல் அல்ல. எதிரே இருப்பவரின் நனவிலி மனத்தை அறிய உதவும் மிக முக்கியமான கருவிகளில் ஒன்று அது என்றார். இருபதாம் நூற்றாண்டின் உளசிகிச்சையில் இவ்வளவு சின்னக் கட்டுரை இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்தது அபூர்வம். இவ்வளவு தவறாகப் பயன்பட்டதும் அபூர்வம்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கிடையில் மேற்பார்வை ஒரு நிறுவன வடிவம் எடுத்திருந்தது. முதல் உலகப்போர் முடிந்து, 1920 பிப்ரவரியில் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன், எர்ன்ஸ்ட் ஸிம்மல் முதலியோர் காசில்லாதவர்களும் வரக்கூடிய ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைத் திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது, பயின்ற ஆட்கள் போதவில்லை. பயிற்சியில் இருப்பவர்களை நோயாளிகளிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பினால் யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அந்த நெருக்கடியில் உருவான மூன்று கால் ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது: பயில்கிறவர் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், பாடம் படிக்க வேண்டும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் காலைப் பற்றி உடனே சண்டை வந்தது. மாணவரின் முதல் கேஸை, மாணவருக்குப் பகுப்பாய்வு செய்தவரே மேற்பார்க்க வேண்டும் என்று புடாபெஸ்ட்காரர்கள் வாதிட்டார்கள். 1930களில் வில்மா கோவாச் இதை எழுத்திலும் வைத்தார். மாணவரின் குருட்டுப் புள்ளிகள் அவருக்குத்தானே தெரியும்? பெர்லின், வியன்னா பக்கம் மறுத்தது. மேற்பார்வை என்பது தொழில் கற்பது, அதற்கு வேறு ஆள் வேண்டும் என்றது. வென்றது இரண்டாம் பக்கம். நடைமுறைக்கு அதுதான் சரி. ஆனால் ஹங்கேரியர்கள் எழுப்பிய கேள்வி சாகவில்லை: மாணவரின் மனத்தைத் தொடாமல், நோயாளியைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் என்ற ஊரில் செஸ்ட்நட் லாட்ஜ் என்றொரு மனநல மருத்துவமனை இருந்தது. கடுமையான மனச்சிதைவு நோயாளிகளையும் பேச்சின் வழியே அணுகியதால் பெயர்பெற்ற இடம். அங்கே வேலை பார்த்த ஹரால்ட் சேர்ல்ஸ், இளம் மருத்துவர்களை மேற்பார்க்கும்போது தனக்குள் சம்பந்தமில்லாத உணர்ச்சிகள் எழுவதைக் கவனித்தார். வழக்கமாகத் தெளிவாகப் பேசுகிற மருத்துவர் குறிப்பிட்ட ஒரு நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் குழறுவார். கேட்கிற சேர்ல்ஸுக்கும் இனம்புரியாத பதற்றமோ எரிச்சலோ வரும். 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வாதம் இது: நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நடப்பது, மருத்துவருக்கும் மேற்பார்வையாளருக்கும் நடுவே பிரதிபலிக்கிறது. மருத்துவர் வார்த்தையில் சொல்ல முடியாததை, தன்னையறியாமல் நடத்திக் காட்டிச் சொல்கிறார்.

கேட்டால் மாயமந்திரம் போலிருக்கும். ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். கல்லூரி ஒன்றில் கவுன்சலராக இருக்கும் பெண், வாராவாரம் ஒரு மூத்த சிகிச்சையாளரிடம் தன் கேஸ்களைப் பேசுகிறார்.

“இந்தப் பையன் விஷயத்துல என்ன பண்றதுன்னே தெரியல சார். நீங்கதான் சொல்லணும்.”

“தூக்கம் எப்படின்னு கேட்டீங்களா?”

“கேட்டேன் சார். அதுல ஒண்ணும் இல்ல.”

“வீட்டைப் பத்திப் பேச விட்டுப் பாருங்களேன்.”

“அதுவும் பார்த்துட்டேன். சரிவரல.”

“அப்பாவோட என்ன தகராறுன்னு...”

“அதெல்லாம் ஆச்சு சார்.”

பத்து நிமிடத்தில் மூத்தவர் ஏழெட்டு யோசனை சொல்லிவிட்டார். எல்லாம் மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டன. அவர் குரலில் கடுப்பு ஏறுகிறது. ‘அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட வர்றீங்க’ என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அங்கே நிறுத்துகிறார். இந்தப் பெண் வழக்கமாக இப்படி இல்லையே. நானும் இப்படி அறிவுரையை அள்ளிக் கொட்டுகிற ஆள் இல்லையே.

“ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையன் உங்ககிட்ட எப்படிப் பேசுவான்?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “இப்ப நான் பேசின மாதிரிதான் சார். என்ன சொன்னாலும் ‘அதெல்லாம் ட்ரை பண்ணியாச்சு மேடம்’ம்பான். வெளியில போனதும் எனக்கு இந்த வேலைக்கே லாயக்கில்லன்னு தோணும்.”

அடுத்து வரும் கேள்வி: அப்படி ஓர் உதவாக்கரை உணர்வு அந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது? எப்போதும் அறிவுரை மட்டுமே சொன்ன அப்பாவிடம் எதைக் கொண்டுபோனாலும் தேறாமல் போன பிள்ளை அவன் என்று வைத்துக்கொள்வோம். அந்த அனுபவத்தை அவன் வார்த்தையில் சொல்லவில்லை. கவுன்சலரை அதே நிலையில் நிறுத்திவிட்டான். கவுன்சலரும் அதைச் சொல்லவில்லை. மேற்பார்வையாளரை அந்த நிலையில் நிறுத்திவிட்டார். மூன்றாவது கையில்தான் அது வார்த்தையாகிறது. அடுத்த வாரம் கவுன்சலர் பையனுக்கு ஒன்பதாவது யோசனை சொல்ல மாட்டார். ‘என்ன சொன்னாலும் வீண்தான்னு தோணுது இல்ல?’ என்று கேட்கக்கூடும். அங்கிருந்து பேச்சு வேறு திசையில் போகும்.

மந்திரம் எதுவுமில்லை. ஒருவரோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர் அவருடைய தொனியையும் உடல் நடையையும் கொஞ்சம் தனக்குள் வாங்கிக்கொள்கிறார். புரிந்துகொண்ட பகுதியை விவரித்துவிடலாம். புரியாத பகுதி தொனியாக, தயக்கமாக, மறதியாக வெளியே வரும். அதனால்தான் இந்த மரபைச் சேர்ந்த மேற்பார்வையாளர்கள் பலர் ஒலிப்பதிவைக் கேட்பதைவிட, அமர்வு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதிய குறிப்பையே விரும்புகிறார்கள். கார்ல் ராஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியவர். சொன்னது என்ன என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது என்பது அவர் வழி. உளப்பகுப்பாய்வுக்காரர்களுக்கு மாணவர் எதை மறந்தார் என்பதே தகவல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்றாலும், பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவருக்கு நான் ஒலிப்பதிவையே சிபாரிசு செய்வேன். கேட்கவே கற்றிராதவர் எதை மறந்தார் என்று ஆராய்வதில் பயனில்லை.

கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் இருந்த மெனிங்கர் நிறுவனத்தின் ருடால்ஃப் எக்ஸ்டைன், ராபர்ட் வாலர்ஸ்டைன் இருவரும் 1958இல் எழுதிய நூல் இந்தப் பிரதிபலிப்பை மேற்பார்வைப் பயிற்சியின் பாடப்பொருளாகவே ஆக்கியது. அவர்கள் சேர்த்த முக்கியமான விஷயம், நிர்வாகி. நோயாளி, சிகிச்சையாளர், மேற்பார்வையாளர் ஆகிய மூவரோடு மருத்துவமனை நிர்வாகத்தையும் ஒரு மூலையாக வைத்து நான்கு மூலைச் சாய்சதுரம் ஒன்றை வரைந்தார்கள். படுக்கை எண்ணிக்கை, கட்டணம், ‘இந்த மாதத்துக்குள் முடியுங்கள்’ என்ற உத்தரவு எல்லாம் சிகிச்சை அறைக்குள் வந்துதான் உட்காருகின்றன. பல நூல்கள் இந்த மூலையை மறந்துவிடுகின்றன.

தவறாகப் பயன்படுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. மேற்பார்வையாளருக்குத் தலைவலி என்றால் அதுவும் நோயாளியின் வேலை என்று சொல்லிவிடும் சோம்பேறித்தனம் இந்தத் துறையில் உண்டு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், தன் எரிச்சலுக்கு மாணவரின் கேஸில் விளக்கம் தேடலாம். பிரதிபலிப்பு எப்போதும் மேடையின் நடுவில் இருப்பதாக நினைக்க வேண்டாம் என்று சேர்ல்ஸே எச்சரித்திருந்தார். 1976இல் மார்கரி டோர்மன் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது. ஓட்டம் மேல்நோக்கி மட்டும் இல்லை, கீழ்நோக்கியும் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கிய சிகிச்சையாளர், அடுத்த அமர்வில் நோயாளியிடம் அதே கெடுபிடியோடு நடந்துகொள்கிறார். அப்போது குழப்பத்தின் ஊற்று நோயாளி அல்ல, மூன்றாமவர்தான். டோர்மனின் ஆய்வு சில சிகிச்சையாளர்களை மட்டும் நெருக்கமாகப் பார்த்த சிறு ஆய்வு. இந்தத் துறையின் ஆதாரம் பெரும்பாலும் இப்படிப்பட்ட தனி வரலாறுகளில்தான் நிற்கிறது. இருந்தும், அதிகாரம் உள்ள பக்கத்தையே சந்தேகிக்கச் சொன்னதால் அதை நான் மதிக்கிறேன்.

இந்தச் சிந்தனை பகுப்பாய்வாளர்களின் கூடத்தைத் தாண்டிப் போனது மைக்கேல் பாலிண்ட் என்ற புடாபெஸ்ட்காரரால். 1939இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில், 1950ஐ ஒட்டி, சாதாரண குடும்ப மருத்துவர்களைக் கூட்டி வாராந்தர வட்டம் ஒன்றைத் தொடங்கினார். துணை, பின்னாளில் அவர் மனைவியான ஈனிட் பாலிண்ட். ஒரு மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல், மனத்தை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டுத் தங்களுக்கு என்ன தோன்றியது என்று சொல்வார்கள். ஒருவர் அந்த நோயாளிக்காகப் பரிதாபப்படுவார், ஒருவருக்குக் கோபம் வரும், ஒருவர் கொட்டாவி விடுவார். அத்தனையும் நோயாளியின் துண்டுகளாக இருக்கலாம். 1957இல் வெளிவந்த பாலிண்டின் நூலில் ஒரு கருத்து மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது: பொது மருத்துவத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்து மருத்துவரே, ஆனால் அந்த மருந்தின் அளவையோ பக்கவிளைவையோ எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. பாலிண்ட் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் கூடுகின்றன.

மேற்பார்வையாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைப்பார். மற்ற நேரங்களில்? லண்டன் பகுப்பாய்வாளர் பேட்ரிக் கேஸ்மென்ட், 1985இல் வெளியான நூலில், ‘உள் மேற்பார்வையாளர்’ என்ற யோசனையை விரித்தார். சொல்லப் போகிற வாக்கியத்தைச் சொல்வதற்கு முன், நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பார்ப்பது. அது எப்படியெல்லாம் காதில் விழும் என்று யோசிப்பது. எளிதாகத் தோன்றும், ஆனால் எவ்வளவு கடினம் என்று அவரே விவரித்த ஒரு கேஸ் காட்டுகிறது.

‘திருமதி பி’ என்று அவர் குறிப்பிடும் பெண், பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது கொதிநீர் பட்டுக் கடுமையாக வெந்தவர். பதினேழாம் மாதத்தில் அறுவைசிகிச்சை. உணர்விழக்கச் செய்யாமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து. அம்மா குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா மயங்கி விழுந்தார். கை நழுவியது. மருத்துவர் கத்தியோடு தொடர்ந்தார். முப்பது வயதில் இந்த நினைவை மீண்டும் வாழ்ந்துகொண்டிருந்த அவர், தாங்க முடியாமல் போனால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்றால் நான் தொடர முடியாது என்றும் சொன்னார். அந்தச் சாத்தியத்தை விட்டுவைப்பதாகக் கேஸ்மென்ட் பதில் சொன்னார். வார இறுதியில் யோசித்தார். கை இல்லாமல் போன கணம்தான் அந்தத் துயரத்தின் மையம். கை கொடுத்தால், அந்தக் கணத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவோம், அதற்குள் போக முடியாதது என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். திங்களன்று வாக்கைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த வாரங்கள் கொடூரமானவை. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை கேஸ்மென்ட் கத்தி பிடித்த மருத்துவராகவும் கைவிட்ட அம்மாவாகவும் ஆகிவிட்டார். அந்தப் பெண் தற்கொலை எண்ணம் வரை போனார். முடிவில் நிலைமை திரும்பியது. கைவிட்ட அம்மாவாகத் தான் கண்டவரோடேயே அந்தக் கணத்தைக் கடந்து வந்தது தேவையாக இருந்தது என்று அவரே சொன்னதாகக் கேஸ்மென்ட் எழுதுகிறார்.

இந்தக் கேஸைப் பற்றிப் பகுப்பாய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கொடுத்த வாக்கைப் பின்வாங்கியதே இரண்டாவது கைவிடல் என்பவர்கள் உண்டு. கை கொடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்பவர்களும் உண்டு. கை கொடுத்திருக்கலாம் என்றே எனக்கும் பல தடவை தோன்றியிருக்கிறது. ஆனால் கேஸ்மென்ட் இரண்டு முடிவுகளையும் தன்னுடைய நிம்மதிக்காக எடுத்தோமா, நோயாளிக்காக எடுத்தோமா என்று கேட்டுக்கொண்ட விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. மேற்பார்வை கற்றுக்கொடுக்கக்கூடியது அந்தக் கேள்வியைத்தான்.

மேற்பார்க்க ஆளே இல்லாமல் தொடங்கியவர்களும் உண்டு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், ஃப்ராய்டை ஒரு நாளும் நேரில் காணாமல், நூல்களைப் படித்துத் தானே பயின்று, 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அவருக்கும் வியன்னாவுக்கும் நடுவே ஓடியது கடிதம்தான். அதில் அவர் ஃப்ராய்டோடு கருத்து மாறுபடவும் தயங்கவில்லை. தனித்தன்மையுள்ள கோட்பாடு பிறக்க அந்தத் தூரம் உதவியிருக்கலாம். நோயாளிகளுக்கு உதவியதா என்பது வேறு கேள்வி.

பிரிட்டனில் இன்று ஒரு கவுன்சலர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் தொழில் செய்கிற காலம் முழுக்க மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்பது தொழில்சங்க மரபு. பிரிட்டிஷ் கவுன்சலிங் மற்றும் உளசிகிச்சைச் சங்கம் தன் அங்கீகாரத்துக்கு மாதத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது கேட்கிறது. அமெரிக்காவில் உரிமம் வாங்கும்வரைதான் கட்டாயம். நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்று, மேற்பார்வையோடு பயின்று வருகிறார்கள். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுகிறவர்கள் எல்லாருடைய பயிற்சியும் ஒரே மாதிரி இல்லை. சிலர் சில வார வகுப்போடு வந்தவர்கள்.

எனவே கவுன்சலிங் போகிறவர்கள் முதல் நாளே மூன்று கேள்வி கேட்கலாம். நீங்கள் எங்கே பயின்றீர்கள்? உங்கள் கேஸ்களை யாரிடமாவது தொடர்ந்து பேசுகிறீர்களா? பேசும்போது என் பெயரையும் அடையாளத்தையும் மறைப்பீர்களா? நல்ல கவுன்சலர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மேற்பார்வைக்குப் போவதைக் குறைவாகவும் நினைக்க மாட்டார். ‘எனக்கு அதெல்லாம் தேவையில்லை, இருபது வருஷ அனுபவம்’ என்று பதில் வந்தால், வேறு ஒருவரைத் தேடுங்கள்.